சஞ்சீவ ரெட்டி வென்றிருந்தால்

பெரியவர்களே, நண்பர்களே, இடமில்லாமல் பின்னால் நின்றுகொண்டிருக்கும் கல்லூரிப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

முப்பது வருஷத்துக்கு மேல் வரலாறு நடத்தியிருக்கிறேன். மாணவர்கள் கேட்ட கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது, "சார், அது மட்டும் மாறி நடந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்பதுதான். பரீட்சையில் வராத கேள்வி. ஆனாலும் அதை நான் ஒருநாளும் தட்டிக்கழித்ததில்லை. ஒரு நிபந்தனை மட்டும் போடுவேன். ஒன்றை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் நடந்தபடியே இருக்கட்டும். எவ்வளவு தூரம் ஆதாரம் கூட வருகிறதோ அவ்வளவு தூரம் போ. அதற்கு மேல் கதை கட்டாதே.

இன்று அந்தக் கேள்வியை 1969 குடியரசுத் தலைவர் தேர்தலைப் பார்த்துக் கேட்கப்போகிறேன். வி.வி. கிரி வென்றார், நீலம் சஞ்சீவ ரெட்டி தோற்றார். அது மாறியிருந்தால்?

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 1969 மே 3-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஜாகீர் உசேன் பதவியில் இருக்கும்போதே காலமானார். துணைத் தலைவராக இருந்த கிரி, தற்காலிகமாக அந்தப் பொறுப்பை ஏற்றார். ஜூலையில் பெங்களூரில் காங்கிரஸ் கூடியது. யாரை நிறுத்துவது என்று ஆட்சிமன்றக் குழுவில் ஓட்டுக்கு விட்டார்கள். பிரதமர் இந்திரா காந்தி ஜகஜீவன் ராமை நிறுத்தலாம் என்றார். காமராஜர், மொரார்ஜி தேசாய், எஸ்.கே. பாட்டீல், சவாண் நால்வரும் சஞ்சீவ ரெட்டி என்றார்கள். பிரதமர் தோற்றார். 'சிண்டிகேட்' என்று பத்திரிகைகள் பெயர் வைத்திருந்த மூத்த தலைவர்களின் கை ஓங்கியது.

அடுத்த சில நாட்களில் நடந்ததை நினைத்தால் இன்றும் மூச்சு முட்டும். ஜூலை 16-இல் மொரார்ஜியிடமிருந்து நிதித்துறையைப் பறித்தார் இந்திரா. 19-இல் 14 வங்கிகள் நாட்டுடைமை. அந்த அவசரச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் கிரி. மறுநாளே பதவியை விட்டு விலகி, சுயேச்சையாகக் களத்தில் இறங்கினார். ரெட்டியின் வேட்புமனுவை முன்மொழிந்தவரே இந்திராதான். ஆனால் அவருக்கு ஓட்டுப்போடச் சொல்லிக் கொறடா உத்தரவு பிறப்பிக்க மறுத்துவிட்டார். 'மனசாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள்' என்பதே அந்தத் தேர்தலின் முழக்கமாயிற்று.

ஆகஸ்ட் 16 வாக்குப்பதிவு. 20-ஆம் தேதி எண்ணினார்கள்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அப்பா விருதுநகரில் காங்கிரஸ் தொண்டர். காமராஜரை 'ஐயா' என்பாரே தவிரப் பெயர் சொல்ல மாட்டார். முடிவு வந்த மறுநாள், பத்திரிகையைத் திண்ணையில் விரித்துவைத்து, கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் கணக்குப் போட்டார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எண்கள் எனக்கு இன்றும் மனப்பாடம்.

குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும். ஒவ்வொருவர் ஓட்டுக்கும் ஒரு மதிப்பு உண்டு. வேட்பாளர்களை விருப்ப வரிசையில் குறிப்பார்கள். முதல் விருப்ப ஓட்டில் கிரிக்கு 4,01,515. ரெட்டிக்கு 3,13,548. ஜனசங்கமும் சுதந்திராக் கட்சியும் ஆதரித்த சி.டி. தேஷ்முக்குக்கு 1,12,769. பாதிக்கு மேல் யாருக்கும் இல்லை. ஆகவே கடைசியில் இருந்தவர்களை ஒவ்வொருவராக நீக்கி, அவர்களுடைய ஓட்டுச் சீட்டில் அடுத்த விருப்பம் யாருக்கு என்று பார்த்தார்கள். அப்படி ரெட்டிக்குச் சேர்ந்தது 91,879. கிரிக்குச் சேர்ந்தது வெறும் 18,562. கிட்டத்தட்ட 88,000 ஓட்டு முன்னணி, கடைசியில் 14,650-ஆகச் சுருங்கிவிட்டது. முடிவு: 4,20,077-க்கு 4,05,427.

அப்பா 14,650-ஐ இரண்டாக வகுத்தார். 7,325. அன்றைய கணக்கில் ஒரு எம்.பி.யின் ஓட்டுக்கு மதிப்பு 576. அதால் வகுத்தார். பதின்மூன்றுகூட முழுசாக வரவில்லை. "பதிமூணு பேருடா. பதிமூணு பேரு இந்தப் பக்கம் திரும்பியிருந்தா ஐயா ஜெயிச்சிருப்பாரு" என்றார். தேர்தலில் நின்றவர் ரெட்டி. ஆனால் அப்பாவுக்கு ஜெயித்திருக்கவேண்டியவர் ஐயா. அவர் பார்வையில் அது சரிதான்.

இன்னொரு கணக்கை அப்பா போடவில்லை. நான் பின்னால் போட்டுப் பார்த்தேன். தி.மு.க. கிரியை ஆதரித்தது. 1967-இல் அதற்கு மக்களவையில் 25 பேர். 25-ஐ 576-ஆல் பெருக்கினால் 14,400. மொத்த வித்தியாசமே 14,650. அதோடு ஓட்டு ஒன்றுக்கு 144 மதிப்புள்ள தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.க்கள் 130 பேருக்கு மேல். எதிர்த்து ஓட்டுப்போட வேண்டாம், தி.மு.க. ஒதுங்கி நின்றிருந்தாலே ரெட்டி ஜனாதிபதி ஆகியிருப்பார். ஆகவே நான் மாற்றச் சொல்கிற அந்த 'ஒன்று' ஆகாயத்திலிருந்து பறித்தது அல்ல. சென்னையில் எடுக்கப்பட்டிருக்கக்கூடிய ஒரு முடிவு.

சரி, ரெட்டி வென்றுவிட்டார். என்ன ஆகும்?

முதலில், எது ஆகாது என்று சொல்கிறேன். பலரும் நேராக 1975-க்குத் தாவுவார்கள். ரெட்டி இருந்திருந்தால் நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார் என்பார்கள். நண்பர்களே, 1969-இல் வந்தவரின் ஐந்தாண்டு 1974-இல் முடிந்துபோகும். 1975 ஜூன் 25 இரவு குடியரசுத் தலைவர் மாளிகையில் கிரியும் இல்லை, ரெட்டியும் இருந்திருக்க மாட்டார். அந்த இரவுக்கு நாடு வந்து சேர்ந்த பாதை மாறியிருக்குமா என்று கேட்கலாம். கையெழுத்தைப் பற்றிக் கேட்க முடியாது.

பாதை மாறியிருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். கிரியின் வெற்றி இந்திராவுக்கு ஒரு தைரியத்தைக் கொடுத்தது. கட்சி அமைப்பே எதிர்த்து நின்றாலும், மக்களிடமும் மற்றக் கட்சிகளிடமும் நேரே போய் வெல்லலாம் என்ற தைரியம். நவம்பர் 12-இல் கட்சி அவரை நீக்கியபோது, காங்கிரஸ் எம்.பி.க்களில் பெரும்பகுதி அவர் பின்னால் போனது. ஜெயித்தவர் பக்கம் சாய்வது அரசியலில் வழக்கம். ஆகஸ்டில் தோற்றிருந்தால், சொந்த வேட்பாளரையே கவிழ்க்கப் பார்த்து அதுவும் முடியாமல் போனவர் என்ற பெயரோடு நவம்பரைச் சந்தித்திருப்பார். கட்சி அப்போதும் உடைந்திருக்கலாம். ஆனால் சிறிய துண்டு அவருடையதாக இருந்திருக்கும்.

அடுத்தது 1970 டிசம்பர். பிளவுக்குப் பின் இந்திராவுக்குத் தனிப் பெரும்பான்மை இல்லை. தி.மு.க., கம்யூனிஸ்டுகள் ஆதரவில் ஆட்சி ஓடியது. தவணை முடிய ஓராண்டுக்கு மேல் இருக்கும்போதே மக்களவையைக் கலைக்கச் சொன்னார். கிரி கலைத்தார். எதிரணி தேர்ந்தெடுத்த ஒருவர் அங்கே இருந்திருந்தால், 'முதலில் அவையில் பெரும்பான்மையைக் காட்டுங்கள், வேறு யாராவது ஆட்சி அமைக்க முடியுமா என்று பார்க்கிறேன்' என்று சொல்ல இடம் இருந்தது. குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் நடக்கவேண்டும் என்று அரசியலமைப்பில் வெளிப்படையாக எழுதியதே 1976-இல் வந்த 42-ஆவது திருத்தத்தில்தான். 1971 இடைக்காலத் தேர்தல் நடக்காமல் போயிருந்தால், 352 இடங்களோடு வந்த அந்தப் பெரிய வெற்றியும் அந்த ஆண்டில் வந்திருக்காது. சில மாநிலங்களில் ஏற்கெனவே இடைக்காலத் தேர்தல் நடந்து முறை கலைந்திருந்தது உண்மை. என்றாலும் மக்களவைக்கும் பெரும்பாலான சட்டமன்றங்களுக்கும் ஒரே நேரத்தில் தேர்தல் நடத்தும் பழக்கம் முழுசாக அறுந்தது 1971-இல்தான்.

'ரெட்டி அப்படித் துணிந்து நின்றிருப்பாரா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இங்கேதான் வரலாறு நமக்கு ஒரு பெரிய உதவி செய்கிறது. அதே ரெட்டி 1977-இல் போட்டியின்றிக் குடியரசுத் தலைவரானார். 1979-இல் பிரதமராக இருந்த மொரார்ஜி விலக, சரண் சிங்கை அழைத்து, அவையில் பெரும்பான்மையை நிரூபிக்கச் சொன்னார். சரண் சிங் அவையைச் சந்திக்காமலே விலகினார். அந்தத் தேதி ஆகஸ்ட் 20. ஓட்டு எண்ணிச் சரியாகப் பத்து வருஷம். ஜனதாவின் நாடாளுமன்றக் கட்சித் தலைவராக ஜகஜீவன் ராம் தனக்கு வாய்ப்புக் கேட்டார். பெங்களூரில் ரெட்டிக்கு எதிராக முன்மொழியப்பட்ட அதே ஜகஜீவன் ராம். ரெட்டி அவரை அழைக்கவில்லை. 22-ஆம் தேதி அவையைக் கலைத்தார்.

தன் சொந்த முடிவை எடுக்கத் தயங்காதவர் அவர் என்பதற்கு இது சாட்சி. அந்த முடிவு எப்போதும் நியாயமாக இருக்கும் என்பதற்கு இது சாட்சியல்ல. ஒரு தலித் தலைவர் பிரதமராகும் வாய்ப்பு அன்று வாசல்வரை வந்து திரும்பியது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆகவே 1969-இல் ரெட்டி வந்திருந்தால் எல்லாம் நன்மையாக முடிந்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. சிண்டிகேட்டும் தவறு செய்தது. இரண்டாம் விருப்ப ஓட்டுக்காகக் காங்கிரஸ் தலைவர் நிஜலிங்கப்பா ஜனசங்கத்தையும் சுதந்திராக் கட்சியையும் போய்ப் பார்த்ததுதான், 'மனசாட்சி' என்ற வாதத்துக்கே உயிர் கொடுத்தது.

ஆனால் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். பெங்களூரில் பிரதமரை எதிர்த்துக் கட்சிக் குழு ஓட்டுப் போட்டதே, ஓட்டுப் போட்டு ஜெயித்ததே, அந்தப் பழக்கம் அதோடு போயிற்று. மாநிலத்தில் வேர் உள்ள தலைவர்கள் டெல்லியை எதிர்த்துப் பேசிய காலம் முடிந்தது. 'மேலிடம் சொல்லிவிட்டது' என்ற பேச்சு வந்தது. இரண்டு முறை பிரதமரைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த காமராஜர், தான் கொண்டுவந்தவரிடமே தோற்றார்.

தமிழ்நாட்டில் அதன் விலை உடனே தெரிந்தது. 1971-இல் இந்திரா காங்கிரஸ் தி.மு.க.வோடு கூட்டுச் சேர்ந்தது. மக்களவைக்குச் சில தொகுதிகள் வாங்கிக்கொண்டு, சட்டமன்றத்துக்கு ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை. பிளவில் சிண்டிகேட் பக்கம் நின்ற பகுதியான, காமராஜரின் ஸ்தாபன காங்கிரஸ் சட்டமன்றத் தேர்தலில் நூற்றுக்கு ஏறத்தாழ 35 ஓட்டு வாங்கியது. கிடைத்தது 15 இடம். தி.மு.க.வுக்கு 184. மக்களவைக்குத் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் அந்தக் கட்சி ஜெயித்தது ஒன்றே ஒன்று, நாகர்கோவில். ஜெயித்தவர் காமராஜர். கட்சி உடையாமல் இருந்திருந்தால், 1967-இல் தோற்ற காங்கிரஸ் அடுத்த தேர்தலில் தி.மு.க.வுக்கு நேருக்கு நேர் நின்றிருக்கும். ஜெயித்திருக்குமா என்பது வேறு விஷயம். ஆனால் நூறில் 35 பேரின் நம்பிக்கை வைத்திருந்த ஒரு கட்சி, பிற்காலத்தில் எத்தனை தொகுதி கிடைக்கும் என்று கேட்டு இன்னொரு கட்சி வாசலில் நிற்கும் நிலைக்கு வந்திருக்காது.

1971 முடிவு வந்த அன்று அப்பா பென்சிலை எடுக்கவில்லை. கணக்குப் போட அதில் ஒன்றும் இல்லை.

கேள்வி இருப்பவர்கள் எழுந்து கேட்கலாம். வணக்கம்.