வீட்டைப் பார்க்கும் முன் வழியைப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. வேலை பெர்மிட் கிடைத்து இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ கோலாலம்பூருக்கு வருபவர்கள் முதலில் கேட்பது, “எந்தப் பக்கம் வீடு எடுக்கலாம்?” என்பதுதான். பல நேரங்களில் அவர்களுக்காக வீடு பார்த்து வைக்கும் பொறுப்பு இங்கிருக்கும் அண்ணன், மாமா, சித்தப்பா தலையில் விழும். இன்று சொல்லப்போவது இரண்டு தரப்புக்குமே.

ஊரில் இருந்துகொண்டே, படத்தை மட்டும் பார்த்து ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். முதல் மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு அறையோ, மாத வாடகைக்குக் கிடைக்கும் சிறிய அப்பார்ட்மெண்டோ போதும். செலவு சற்றுக் கூடத்தான் செய்யும். ஆனால் ஒத்துவராத வீட்டைப் பாதியில் காலி செய்தால் டெபாசிட்டே போய்விடும். அதோடு பார்த்தால் இது சின்னத் தொகை.

அந்த ஒரு மாதத்தில் செய்ய வேண்டியது, வீட்டுக்கும் வேலைக்கும் இடையில் உள்ள வழியைப் பழகுவது. கம்பெனி பெயரைக் கேட்டால் போதாது, நீங்கள் தினமும் போய் உட்காரப்போகும் கட்டடத்தின் முகவரியைக் கேட்டு வாங்குங்கள். தலைமையகம் நகர மையமான கே.எல்.சி.சி.யில் இருக்கும், உங்களைத் தெற்கே தள்ளியிருக்கும் சைபர்ஜெயாவுக்கு அனுப்புவார்கள். இரண்டும் வேறு வேறு ஊர் மாதிரி. சைபர்ஜெயாவுக்கு எம்.ஆர்.டி. என்ற மெட்ரோ ரயில் இருக்கிறதே என்பீர்கள். 2023 மார்ச்சில் புத்ராஜெயா தடம் முழுதாகத் திறந்தது உண்மை. ஆனால் நிலையத்தில் இறங்கியபின் பல அலுவலகங்களுக்கு நடந்து போக முடியாது. பஸ்ஸோ கிராப் செயலி வழியாக வாடகைக் காரோ பிடிக்க வேண்டும். அந்தக் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரைத்தான் வீடு தேடுபவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

ரயில் தடத்தைப் பார்த்து வீடு தேடுவது நல்ல முறை. கே.எல்.சி.சி., அம்பாங் பார்க் பக்கம் வேலை என்றால் கிளானா ஜெயா எல்.ஆர்.டி. (இலகு ரயில்) தடத்தில் எங்கே வீடு எடுத்தாலும் ஒரே ரயில்: பங்சார், தாமான் ஜெயா, தாமான் பாராமவுண்ட், சுபாங் ஜெயா என்று வாடகைக்கு ஏற்ப நகர்ந்துகொண்டே போகலாம். புக்கிட் பிந்தாங், டி.ஆர்.எக்ஸ். நிதி வட்டாரம் பக்கம் என்றால் காஜாங் எம்.ஆர்.டி. தடம். பூச்சோங்கில் வீடு, கே.எல்.சி.சி.யில் வேலை என்றால் ஸ்ரீ பெட்டாலிங் தடத்தில் ஏறி மஸ்ஜிட் ஜாமெக்கில் மாற வேண்டும். ஒரு மாற்றம் வரை பரவாயில்லை. இரண்டு மாற்றம் இருந்தால் மாலையில் களைத்துப் போவீர்கள். வரைபடத்தில் ஒரே புள்ளியாகத் தெரியும் கே.எல். சென்ட்ரலில்கூட மோனோரயிலுக்குப் போக வணிக வளாகத்தின் உள்ளே நடக்க வேண்டும், எம்.ஆர்.டி.க்கு மூசியம் நெகாரா நிலையம் வரை நடைபாதையில் போக வேண்டும்.

கிள்ளானிலிருந்தோ பத்துமலையிலிருந்தோ வருபவர்களுக்குக் கொமுட்டர் என்ற புறநகர் ரயில் இருக்கிறது. ஆனால் அதை எல்.ஆர்.டி. போல நினைத்துவிடாதீர்கள். எல்.ஆர்.டி. சில நிமிடங்களுக்கு ஒன்று வரும். கொமுட்டர் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு அரை மணி நேரமோ அதற்கு மேலோ காத்திருக்க நேரும்.

அலுவலக நண்பர் “மாதம் 50 ரிங்கிட்தான், ரயில், பஸ் எல்லாம் இஷ்டத்துக்கு ஏறலாம்” என்பார். அது மை50 பாஸ், மலேசியக் குடிமக்களுக்கு மட்டும். நீங்கள் ஒவ்வொரு பயணத்துக்கும் பணம் கட்ட வேண்டும். அதனால் போக்குவரத்துச் செலவை அவரைப் பார்த்துப் போடாமல் உங்கள் தடத்துக்கு நீங்களே கணக்கிடுங்கள்.

விளம்பரத்தில் “நிலையத்துக்கு நடந்து போகும் தூரம்” என்று இருந்தால் நடந்தே பாருங்கள். வார நாளில் காலை ஏழு மணிக்கு ஒரு தடவை, மாலை மழையில் ஒரு தடவை. 1982 முதல் தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்திருப்பதால், இங்கே சூரியன் உதிப்பதே ஏழு மணியை ஒட்டித்தான். வேலைக்கோ பள்ளிக்கோ கிளம்பும்போது இருட்டாகத்தான் இருக்கும். வழியில் விளக்கு எரிகிறதா, நடைபாதை தொடர்ந்து போகிறதா, ஆறு தட நெடுஞ்சாலையைக் கடக்கப் பாலம் இருக்கிறதா என்று பாருங்கள். நேர்கோட்டில் 500 மீட்டர் தூரத்தில் தெரியும் நிலையத்துக்கு, வேலியும் நெடுஞ்சாலையும் குறுக்கே இருந்தால், சுற்றிப் போக ஒன்றரைக் கிலோமீட்டர் ஆகிவிடும்.

பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், மஸ்ஜிட் இந்தியா, கிள்ளானில் ஜாலான் தெங்கு கிளானா: இந்தப் பெயர்கள் காதில் விழுந்ததும் புதிதாக வருபவர்கள் அங்கேயே வீடு கேட்கிறார்கள். கோயில், மளிகை, தமிழ்ப்பள்ளி, வாழையிலைச் சாப்பாடு எல்லாம் கையெட்டும் தூரத்தில் இருப்பது பெரிய ஆறுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் கருவேப்பிலையும் இட்லி அரிசியும் வாரத்துக்கு ஒரு தடவை போய் வாங்கலாம், வேலைக்கு ஐந்து நாள் போயாக வேண்டும். கிள்ளானில் குடியிருந்து கே.எல்.சி.சி.க்கு வேலைக்குப் போவதைவிட, பெட்டாலிங் ஜெயாவில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் போய் வருவது எவ்வளவோ மேல். பிள்ளைகள் இருந்தால் மட்டும் கணக்கு மாறும். அப்போது பள்ளியை முதலில் உறுதிசெய்துவிட்டு வீட்டைத் தேடுங்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்க்கத் தனி அனுமதி வேண்டும். மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேட்காமல் “பக்கத்திலேயே பள்ளி இருக்கிறது” என்று நம்பி வீடு எடுக்காதீர்கள்.

இனி தண்ணீர். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா எப்படி மூழ்கியது என்பது இங்கிருப்பவர்களுக்கு நினைவிருக்கும். புதிதாக வருபவருக்கு அந்தப் பெயர் ஒன்றும் சொல்லாது, வாடகை குறைவாக இருப்பது மட்டும் தெரியும். தரை வீடு பார்க்கப் போனால் சமையலறை அலமாரியின் அடிப்பலகையைக் கையால் தடவிப் பாருங்கள். ஒருமுறை தண்ணீரில் ஊறிய பலகை உப்பிப் போய், ஓரம் பிரிந்து நிற்கும். மேலே பெயிண்ட் அடித்தாலும் மறையாது. மின்சார பிளக்குகள் வழக்கத்துக்கு மாறாக இடுப்பு உயரத்தில் இருந்தாலோ, வாசலில் இரும்புத் தடுப்பு செருகும் பள்ளம் இருந்தாலோ காரணத்தைக் கேளுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்பதைவிட எதிரே உள்ள ஒட்டுக்கடையில் (சாலையோரச் சாப்பாட்டுக் கடை) தே தாரிக் என்ற பால் டீ குடித்துக்கொண்டே கேட்டால் உண்மை வரும். கொண்டோ எனும் அடுக்குமாடி வீடு என்றால் நிலத்தடிக் கார் நிறுத்துமிடத்தைப் பாருங்கள், வீடு பத்தாவது மாடியில் இருந்தாலும் கார் கீழேதான் நிற்கும். இன்னொன்று, மேற்குப் பார்த்த அறை. மாலை ஏழு மணிக்கு மேலும் வெயில் அடிக்கும் ஊர் இது. அந்தச் சூட்டுக்கான விலையை ஏர்கோன் (ஏசி) பில்லில் கட்டுவீர்கள்.

ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். இந்தியர்களுக்கு வாடகைக்கு விடமாட்டோம் என்று சொல்லும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள், விளம்பரத்திலேயே போடுகிறார்கள். இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் இதே கதைதான். ஆகவே வீடு பார்க்கக் கிளம்பும் முன் முகவரிடம் போனிலேயே உங்கள் பெயர், நாடு, எத்தனை பேர், தினமும் சமைப்பீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். அலைச்சல் மிச்சமாகும். “லேசான சமையல் மட்டும்” என்று போட்டிருந்தால் தாளிப்பு வாசனைக்கே சண்டை வரும் என்று அர்த்தம், அந்த வீடு வேண்டாம்.

முகவர்களுக்குப் பதிவு எண் உண்டு; முகவர் நிறுவனத்தின் கீழ் வேலை செய்பவர் என்றால் அது ஆர்.இ.என். எண். முகவர்களைப் பதிவு செய்யும் வாரியத்தின் இணையதளத்தில் அதைத் தட்டிப் பாருங்கள். முன்பணத்தை அவருடைய சொந்தக் கணக்கில் போடச் சொன்னால் போடாதீர்கள். நிறுவனக் கணக்குக்கோ வீட்டுக்காரர் கணக்குக்கோ மட்டும்தான்.

கையில் எவ்வளவு வேண்டும்? வாடகை 1500 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாத டெபாசிட் 3000, தண்ணீர், மின்சாரத்துக்கு அரை மாத டெபாசிட் 750, முதல் மாத வாடகை 1500. சாவி கைக்கு வரும் முன் 5250 ரிங்கிட். முத்திரை வரி தனி. ஓராண்டு வரையிலான ஒப்பந்தத்துக்கு ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 ரிங்கிட்டுக்கும் 1 ரிங்கிட்; 18,000க்கு 72 ரிங்கிட். அதே வாடகையில் இரண்டாண்டு ஒப்பந்தம் என்றால் 250க்கு 3 வீதம் 216. 2025 முதல், முன்பு முதல் 2400 ரிங்கிட்டுக்கு இருந்த விலக்கு இல்லை. கையெழுத்திட்ட 30 நாளுக்குள் முத்திரை இட்டுவிடுங்கள். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்ட முடியாது. டெபாசிட் தகராறு வந்தால் உங்களிடம் இருக்கும் ஒரே ஆயுதம் அதுதான்.

ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளைக் கேட்டு வாங்குங்கள். வேலை பெர்மிட் ரத்தானாலோ வேறு நாட்டுக்கு மாற்றினாலோ, இரண்டு மாத நோட்டீஸில் டெபாசிட்டோடு விலகலாம் என்பது ஒன்று. பல வீட்டுக்காரர்கள் முதல் பன்னிரண்டு மாதத்துக்குப் பிறகுதான் இதற்கு ஒப்புக்கொள்வார்கள். இரண்டாவது, கொண்டோவின் பராமரிப்புக் கட்டணம் வீட்டுக்காரர் பொறுப்பு என்பது. அவர் பாக்கி வைத்தால் நிர்வாகம் அந்த வீட்டின் நுழைவு அட்டையைச் செயலிழக்கச் செய்யலாம். சட்டம் அதை அனுமதிக்கிறது. தப்பு அவருடையது, வாசலில் நிற்பது நீங்கள். கடைசியாகக் கட்டிய ரசீதை முன்கூட்டியே காட்டச் சொல்லுங்கள்.

பினாங்குக்குப் போகிறவர்களுக்கு இது கொஞ்சம் வேறு. தீவில் நீங்கள் நம்பி வீடு தேடுவதற்கு ரயில் தடம் இன்னும் ஓடவில்லை, பஸ்ஸும் சொந்த வண்டியும்தான். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை என்றால் பாயான் பாரு, சுங்கை ஆரா, ரெலாவ் பக்கம் பாருங்கள். வாடகை குறைவு என்று பட்டர்வொர்த்திலோ பிறையிலோ எடுத்தால் தினமும் பாலம். 1985இல் திறந்த முதல் பாலத்தில் காலை நெரிசல் அதிகம். 2014இல் வந்த இரண்டாவது பாலம் பத்து காவானிலிருந்து பத்து மாவுங்குக்கு 24 கிலோமீட்டர். பத்து காவான் பக்கம் வீடு இருந்தால்தான் அது லாபம். கார்களுக்குத் தீவுக்குள் வரும்போது டோல் உண்டு, மோட்டார் சைக்கிளுக்கு இல்லை. ஆனால் மோட்டாரில் கடல்மேல் மழையும் குறுக்குக் காற்றும் எப்படி அடிக்கும் என்று ஒருநாள் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வேலையே பிறையில் என்றால் தீவில் வீடு எடுக்கக் காரணமே இல்லை.

சாவி வாங்கும் அன்று, பெட்டிகளை உள்ளே கொண்டுபோகும் முன், ஒவ்வொரு அறையையும் படம் எடுங்கள்: சுவர்க் கறை, கதவுப் பூட்டு, ஏர்கோன், கழிவறைக் குழாய், மின்மீட்டர், தண்ணீர் மீட்டர் இரண்டின் எண்கள். எல்லாவற்றையும் அன்றே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஏர்கோன் சர்வீஸ் செய்த ரசீதுகளையும் ஒரு உறையில் போட்டு வையுங்கள். வீட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது டெபாசிட்டில் கைவைக்க வீட்டுக்காரர் காட்டும் முதல் காரணம் ஏர்கோன்தான்.