தெல்மா ரிட்டரின் கைகள்

அவையோருக்கு வணக்கம். குணச்சித்திர நடிப்பு என்றதும் நமக்கு உருக்கமான வசனம்தான் நினைவுக்கு வரும். ஹாலிவுட் குணச்சித்திர நடிகை தெல்மா ரிட்டர் படத்தில் வசனத்தோடு கைகளையும் பாருங்கள்.

1902-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். நாடகத்திலும் வானொலியிலும் உழைத்துவிட்டுத் திரைக்கு வந்தபோது வயது 45. ‘மிராக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்’ (1947) படத்தில், மகன் கேட்ட பொம்மைக்காகக் கடை கடையாக ஏறி இறங்கிய தாய். டைட்டிலில் பெயர்கூட இல்லை.

ஹிட்ச்காக்கின் ‘ரியர் விண்டோ’ (1954) வந்தபோது அவர் பேர்பெற்ற நடிகை. கால் முறிந்து கட்டோடு கிடக்கும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டுக்கு நர்ஸ். வந்ததும் தெர்மாமீட்டரை அவர் வாயில் செருகுகிறார். அது வாயில் இருக்கும்வரை நாயகன் மறுத்துப் பேச முடியாது. அந்த நேரத்தில் புத்திமதி முழுவதையும் கொட்டிவிடுகிறார். பிறகு முதுகைத் தேய்த்துவிட்டபடியே பேச்சு. பாடமாக ஒப்பிக்கிறார் என்ற எண்ணமே நமக்கு வராது.

இது எளிதல்ல. ஒரே காட்சியைத் தொலைவிலிருந்தும் நெருக்கத்திலும் பலமுறை எடுப்பார்கள். முதல் டேக்கில் எந்தச் சொல்லில் கை புட்டியைத் தொட்டதோ, ஒவ்வொரு டேக்கிலும் அதே சொல்லில் தொட வேண்டும். பிசகினால் எடிட்டரால் இரண்டு ஷாட்டையும் ஒட்ட முடியாது. கத்தரி முதலில் விழுவது துணைப் பாத்திரத்தின் மேல்தான். கை வேலை கூடினாலும் ஆபத்து: எதிரில் பேசுபவரை யாரும் பார்க்க மாட்டார்கள். அடுத்தவர் வாய் திறந்ததும் கை அடங்க வேண்டும்.

1950 முதல் 1953 வரையிலான படங்களுக்குச் சிறந்த துணை நடிகை பிரிவில் தொடர்ந்து 4 ஆஸ்கர் பரிந்துரைகள். பின்னர் 1959, 1962 படங்களுக்கும். மொத்தம் 6, ஒன்றும் கிடைக்கவில்லை. முதல் பரிந்துரை பெற்றுத்தந்த ‘ஆல் அபவுட் ஈவ்’ (1950) படத்துக்காக, உடன் நடித்த செலஸ்ட் ஹோமும் அதே பிரிவில் நின்றார். வாக்கு பிரிந்திருக்கும் என்பது என் கணிப்பு. மேடைக்கான டோனி விருது 1958-இல் வந்தது, அதுவும் நடிகை க்வென் வெர்டனோடு பகிர்ந்து.

கிடைக்காத ஆஸ்கர்களில் எனக்கு ஆறாதது சாமுவேல் ஃபுல்லரின் ‘பிக்கப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்’ (1953). கழுத்தில் கட்டும் டை விற்றுக்கொண்டே போலீசுக்குத் துப்பும் விற்கும் மோ என்ற முதியவள். அநாதைப் பிணமாகப் புதைத்துவிடக் கூடாதென்று கல்லறைக்குக் காசு சேர்க்கிறாள். கடைசியில் கொலைகாரன் அறைக்குள் வந்து நிற்கிறான். இங்கே கை வேலைக்கு இடமே இல்லை. படுக்கையில் இருந்தபடி, தான் எவ்வளவு களைத்துவிட்டேன் என்று மட்டும் சொல்கிறாள். கேமரா அவள் முகத்தை விட்டு நகர்ந்து கிராமஃபோனில் போய் நிற்கிறது. வெடிச்சத்தம் மட்டும் கேட்கிறது.

அந்தக் காட்சியை இப்போது திரையிடுகிறோம்.