மருத்துவரிடம் அனுப்பினால் வேதம் போதாது என்று ஆகிவிடுமா?

ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "பிரதர், சபையில் பெண்களுக்கு வேத ஆலோசனை கொடுத்து வருகிறேன். பிள்ளை பெற்று இரண்டு வாரமே ஆன ஒரு தாய் தூங்குவதே இல்லை. குழந்தைக்குள் ஏதோ புகுந்திருக்கிறது என்கிறாள். வசனம் கொடுத்து ஜெபிக்கிறேன். மருத்துவரிடம் அனுப்பினால், வேதம் போதாது என்று நானே சொன்னதாக ஆகிவிடாதா?"

சகோதரி, இன்றைக்கே அவளை மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மற்றதை அப்புறம் பேசலாம். பிரசவத்துக்குப் பிறகு வருகிற கடுமையான மனநோயாக இது இருக்கலாம். 1000 பிரசவங்களில் ஒன்றிரண்டு பேருக்கு வரும். பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே. தாய், குழந்தை இருவர் உயிருக்கும் ஆபத்து உண்டு. ஆனால் சிகிச்சையில் நன்றாகக் குணமாகும். அதுவரை அவளையும் குழந்தையையும் தனியாக விடாதீர்கள். கணவரிடம் உடனே சொல்லுங்கள். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் ரகசியம் காப்பதாகக் கொடுத்த வாக்கு செல்லாது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வேதம் போதுமானது என்று நானும் முழு மனதோடு விசுவாசிக்கிறேன். அதற்காக, வேதத்தைக் கையில் வைத்திருக்கிற நான் எல்லாவற்றுக்கும் போதுமானவன் ஆகிவிட மாட்டேன். மோசேயோடு கர்த்தர் பேசினார். ஜனங்களின் வழக்குகளையெல்லாம் தனி ஆளாய் விசாரித்துக்கொண்டிருந்த அவருக்கே அவருடைய மாமனார், "நீர் ஒருவராய் அதைச் செய்ய உம்மாலே கூடாது" என்றார் (யாத்திராகமம் 18:18). மோசே அதை அவிசுவாசமாக எடுத்துக்கொள்ளவில்லை. கேட்டு, அப்படியே செய்தார். பவுலும் லூக்காவை 'பிரியமான வைத்தியன்' என்றுதான் எழுதுகிறார்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். மருத்துவர் கொடுத்த மாத்திரையை "விசுவாசத்தோடு நிறுத்து" என்று எந்த ஆலோசகரும் சொல்லக் கூடாது. சில மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினாலே நோய் முன்னைவிட மோசமாகத் திரும்பும். சாக வேண்டும் என்று ஒருவர் பேசினாலும், ஒரு பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிய வந்தாலும், சபைக்குள்ளேயே வைத்துப் பேசி முடிக்கிற காரியமல்ல அது.

அனுப்பிவிட்டால் உங்கள் ஊழியம் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். தெளிந்து வரும்போது, "என் பிள்ளையைப் பற்றியா அப்படி நினைத்தேன்?" என்று அவள் உடைந்துபோவாள். அந்தக் குற்ற உணர்வோடு உட்கார்ந்து பேச நீங்கள் வேண்டும். "நம்முடைய உருவம் இன்னதென்று அவர் அறிவார்" என்கிற சங்கீதம் 103-ஐ அப்போது எடுங்கள். சிகிச்சை தொடரட்டும், நீங்களும் வாராவாரம் போய்ப் பாருங்கள்.