மணிக்கு டைல்ஸ் பிடிக்காமல் போனது ஏன்?

(காட்சி: கூடத்தில் படுத்திருக்கும் லேப்ரடார். வெளியே கேட் திறக்கும் சத்தம்.)

இவன் மணி. 11 வயது. கேட் சத்தம் கேட்டு எழப் பார்க்கிறான், கவனியுங்கள். முன்னங்கால்கள் ஊன்றிவிட்டன. பின்னங்கால்கள் மட்டும் டைல்ஸில் ஆளுக்கொரு பக்கமாக வழுக்கிப் போகின்றன. இன்னொரு தடவை முயல்கிறான். அப்புறம் வாலை ஆட்டிவிட்டு, படுத்துக்கொள்கிறான்.

"வயசாயிடுச்சு, சோம்பேறி ஆயிட்டான்" என்றுதான் நாங்களும் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தோம். சோம்பல் இல்லை, மூட்டுவலி. வலித்தால் நாய் கத்தும் என்று நினைக்கிறோம். மூட்டுத் தேய்மானம் கொஞ்சம் கொஞ்சமாக வருவதால் பெரும்பாலும் கத்தாது. மாடி ஏறுவதை விட்டுவிடும். ஒரே மூட்டை நக்கிக்கொண்டே இருக்கும். இடுப்பைத் தொட்டால் உறுமும்.

மனிதக் கணக்கில் எத்தனை வயது என்று பார்க்க, 11-ஐ ஏழால் பெருக்க ஆரம்பித்திருப்பீர்கள். வேண்டாம். லேப்ரடார்களின் டிஎன்ஏவை வைத்துச் செய்து 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வின்படி, நாய்க்கு முதல் சில வருடங்களில் விறுவிறுவென்று வயது ஏறுகிறது, பிறகு வேகம் குறைகிறது. இனமும் முக்கியம். கிரேட் டேன் 7 வயதிலேயே கிழம். அதே வயதில் பொமரேனியன் சோபாவில் ஏறிக் குதித்துக்கொண்டிருக்கும்.

(காட்சி: மாத்திரை டப்பா.)

இந்த டப்பாவை மூடி வையுங்கள். நம் வலி மாத்திரைகள் நாய்க்கு ஆகாது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் இரண்டும் வயிற்றில் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமாலும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். நாய்க்கென்றே வலி மருந்துகள் இருக்கின்றன; எடை பார்த்து, ரத்தம் சோதித்து, கால்நடை மருத்துவர் எழுதித் தருவார்.

(காட்சி: மணியின் கண், மிக அருகில்.)

கண்மணியில் நீலம் கலந்த ஒரு மங்கல் தெரிகிறதா? வயதால் லென்ஸ் இறுகுவதால் வருவது, பார்வை பெரிதாகக் கெடாது. பால் போல வெள்ளையாக இருந்தால் கண்புரையாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். திடீரென்று அதிகமாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாலும் காட்டிவிடுங்கள். ராத்திரியில் கதவுக்கும் சுவருக்கும் நடுவே போய், திரும்பத் தெரியாமல் நிற்கிறதா? அது மூளை மூப்பாக இருக்கலாம். திட்டாதீர்கள். ஒரு சின்ன விளக்கைப் போட்டு வையுங்கள்.

சரி, தரைக்கு வருவோம். நடக்கும்போது டக்டக்கென்று சத்தம் கேட்டால் நகம் நீண்டுவிட்டது என்று அர்த்தம். பாதம் தரையில் சரியாகப் பதியாது. நகத்தை வெட்டினோம். பாத விரல்களுக்கு நடுவே வளர்ந்த முடியையும் கத்தரித்தோம். கோணிச் சாக்கு விரித்துப் பார்த்தோம், மணியோடு சேர்ந்து சாக்கும் வழுக்கியது! கடைசியில் அடியில் ரப்பர் வைத்த மிதியடிகள்தான் நின்றன. படுக்கையிலிருந்து சோற்றுத் தட்டு வரை, தட்டிலிருந்து வாசலை நோக்கி, வரிசையாகப் போட்டோம்.

(காட்சி: மணி மிதியடி மேலேயே நடந்து வருகிறான். கடைசி மிதியடியில் நின்று, வாசலையும் நம்மையும் மாறி மாறிப் பார்க்கிறான்.)

இன்னும் இரண்டு வாங்க வேண்டும்.