எஃகு ஆலைகளை அதிபர் எடுத்துக்கொள்ளலாமா? 1952-இல் அமெரிக்கா கண்ட அதிகாரச் சிக்கல்

[திரையில்: உருகிய எஃகு வார்க்கப்படும் கறுப்பு வெள்ளைக் காட்சி]

1952 ஏப்ரல் 8 அன்று இரவு அமெரிக்க அதிபர் ஹாரி ட்ரூமன் வானொலி, தொலைக்காட்சி வழியாக நாட்டு மக்களிடம் பேசினார். நாட்டின் பெரும்பாலான எஃகு ஆலைகளை அரசே எடுத்துக்கொள்வதாக அறிவித்தார். அப்போது கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது. ஊதியச் சிக்கல் தீராததால் எஃகுத் தொழிலாளர்கள் சில மணி நேரத்தில் வேலைநிறுத்தத்தில் இறங்கவிருந்தார்கள். எஃகு வரத்து நின்றால் போர்முனைக்கு ஆயுதம் போகாது என்பது ட்ரூமனின் வாதம். ஆலைகளின் பொறுப்பு வணிகத் துறைச் செயலர் சார்லஸ் சாயரிடம் ஒப்படைக்கப்பட்டது.

சட்டம் இயற்றுவது காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றம், அதை நிறைவேற்றுவது அதிபர், வழக்குகளைத் தீர்ப்பது நீதிமன்றம் என்று பாடநூல்கள் சொல்வது பிழையன்று. 1787-இல் பிலடெல்பியாவில் எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டம் இம்மூன்றையும் தனித்தனி அத்தியாயங்களில்தான் வைத்திருக்கிறது. ஆனால் சுவர் எழுப்பிப் பிரித்த மூன்று அறைகளாக இவற்றைக் கற்பனை செய்துகொண்டால் ட்ரூமனுக்கு நேர்ந்தது புரியாது. ஒருவர் தொடங்கும் வேலையை இன்னொருவர் இசைந்தால்தான் முடிக்க முடியும் என்ற விதத்தில் அதிகாரங்கள் பின்னப்பட்டிருக்கின்றன.

[திரையில்: காங்கிரஸ் கட்டடம், "1947"]

அதற்கு ஐந்து ஆண்டுகள் பின்னோக்கிச் செல்வோம். 1947-இல் தொழிற்சங்கங்களைக் கட்டுப்படுத்தும் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டத்தைக் காங்கிரஸ் நிறைவேற்றியபோது ட்ரூமன் அதைத் தம் வீட்டோ அதிகாரத்தால் நிராகரித்தார். அதிபர் நிராகரித்த மசோதாவை இரு அவைகளும் தனித்தனியே மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் மீண்டும் நிறைவேற்றினால், அவருடைய கையெழுத்து இல்லாமலே அது சட்டமாகிவிடும். அன்று அப்படியே நடந்தது: பிரதிநிதிகள் சபையில் 331-க்கு 83, செனட்டில் 68-க்கு 25. இத்தகைய பெரும்பான்மை எளிதில் திரளாது என்பதால் பெரும்பாலான வீட்டோக்கள் நிலைத்துவிடுகின்றன. அந்த ஆண்டு திரண்டது.

அச்சட்டத்தை விவாதித்தபோது, நெருக்கடி நேரத்தில் ஆலைகளைக் கைப்பற்றும் அதிகாரத்தை அரசுக்கு வழங்கலாமா என்பதும் பேசப்பட்டது. வேண்டாம் என்று காங்கிரஸ் விட்டுவிட்டது. அதற்கு மாறாக, நீதிமன்ற ஆணை பெற்று வேலைநிறுத்தத்தை 80 நாட்கள் தள்ளிவைக்கும் வழியை மட்டும் தந்தது. 1952-இல் ட்ரூமன் அந்த வழியில் போகவில்லை. தொழிற்சங்கம் அதைவிட நீண்ட காலம் தானாகவே காத்திருந்துவிட்டது என்பது ஒரு காரணம். தாம் எதிர்த்த சட்டத்தை அவர் விரும்பாததில் வியப்பும் இல்லை.

[திரையில்: உச்ச நீதிமன்றப் படிக்கட்டுகள்]

ஆலை உரிமையாளர்கள் நீதிமன்றத்தை நாடினார்கள். ஏப்ரல் 29 அன்று மாவட்ட நீதிபதி டேவிட் பைன் அதிபரின் ஆணை செல்லாது என்றார். இரண்டே வாரத்தில் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் வாதிக்கப்பட்டது. நாடாளுமன்றச் சட்டத்தையோ அதிபரின் ஆணையையோ நீதிபதிகள் ரத்து செய்யலாம் என்று அரசமைப்புச் சட்டத்தில் வெளிப்படையாக ஒரு வரியும் இல்லை. காங்கிரஸின் சட்டப் பிரிவு ஒன்றைச் செல்லாது என்று அறிவித்த 1803-ஆம் ஆண்டின் மார்பரி வழக்கிலிருந்துதான் அந்த உரிமை வேரூன்றியது.

உச்ச நீதிமன்ற நீதிபதிகளை அதிபர் முன்மொழிகிறார், செனட் இசைவளிக்கிறது. அதன்பின் அவர்களுக்கு ஓய்வு வயது என்று ஒன்று கிடையாது, பதவியிலிருந்து எடுக்க அதிபரால் முடியாது. அன்று அமர்ந்திருந்த ஒன்பது பேரும் முந்தைய அதிபர் ரூஸ்வெல்ட்டோ ட்ரூமனோ தேர்ந்தெடுத்தவர்கள். நால்வர் ட்ரூமனே நியமித்தவர்கள். தம் ஆட்களே தம்மைக் கைவிட மாட்டார்கள் என்று அதிபர் மாளிகை நம்பியிருந்தால் அது இயல்புதான்.

ஜூன் 2 அன்று தீர்ப்பு வந்தது: ஆறு பேர் அதிபருக்கு எதிராக, மூவர் ஆதரவாக. எதிர்த்த அறுவரில் இருவர் ட்ரூமன் நியமித்தவர்கள். அவர்களுள் டாம் கிளார்க் முன்பு அவருடைய அரசிலேயே தலைமை வழக்கறிஞராக இருந்தவர். அதிபரின் அதிகாரம் காங்கிரஸ் இயற்றிய சட்டத்திலிருந்தோ அரசமைப்புச் சட்டத்திலிருந்தோ பிறக்க வேண்டும், இந்த ஆணைக்கு இரண்டும் இல்லை என்று எழுதினார் நீதிபதி ஹியூகோ பிளாக். உடன்பட்ட ராபர்ட் ஜாக்சன் இன்னும் நுட்பமாகப் பார்த்தார்: காங்கிரஸ் துணை நிற்கும்போது அதிபரின் கை மிக வலிமையானது, காங்கிரஸ் மௌனமாக இருந்தால் அது தெளிவற்றது, காங்கிரஸின் விருப்பத்துக்கு மாறாகப் போனால் மிகவும் மெலிந்தது. 1947-இல் காங்கிரஸ் மறுத்த ஒன்றைச் செய்ததால் ட்ரூமன் மூன்றாவது நிலையில் நின்றார்.

[திரையில்: வாயில்கள் மூடிய ஆலை]

நீதிமன்றத்திடம் படையும் இல்லை, கருவூலமும் இல்லை. ஆயினும் ட்ரூமன் அன்றே ஆலைகளைத் திருப்பித் தந்தார், தொழிலாளர்கள் வெளியேறினார்கள். பின்னர் அவர் ஆலைகளைக் கைப்பற்றும் அதிகாரத்தைக் காங்கிரஸிடமே கேட்டார், காங்கிரஸ் தரவில்லை. ஐம்பது நாட்களுக்கு மேல் நீடித்த வேலைநிறுத்தம் ஜூலை 24 அன்று வெள்ளை மாளிகையில் நடந்த பேச்சுவார்த்தையில் முடிவுக்கு வந்தது.