வீட்ல பார்த்த நாலு படம்: ரிமோட்டைத் தொடுறதுக்கு முன்னாடி

[திரையில்: ஒரு வீட்டு ஹால். டிவி ஓடுகிறது. மேலே ஃபேன் சுற்றும் சத்தம்.]

வணக்கம். கொட்டுக்காளி படத்தை நான் ரெண்டு தடவை பார்த்தேன். ரெண்டுமே வீட்லதான். அதே டிவி, அதே சோபா. முதல் தடவை அரை மணி நேரத்துல நிறுத்திட்டேன். "ஆட்டோ போய்க்கிட்டே இருக்கு, ஒண்ணுமே நடக்கலையே"ன்னு தோணுச்சு. ரெண்டாவது தடவை படம் முடிஞ்ச பிறகும் எந்திரிக்க மனசு வரல. நடுவுல நான் செஞ்சது ரொம்பக் கொஞ்சம். டிவியில ரெண்டு செட்டிங் மாத்தினேன், ஃபேனைக் குறைச்சேன், போனைப் பக்கத்து ரூம்ல சார்ஜ் போட்டேன். அவ்வளவுதான்.

அப்போ முதல் தடவை எனக்குப் பிடிக்காம போனது படமா, இல்ல எங்க வீட்டு ஹாலா? இந்தக் கேள்வி என்னை ரொம்ப நாளா விடல. அதனால 2024-ல வந்த நாலு படங்களை எடுத்துக்கிட்டு, வீட்ல பார்த்தப்போ எனக்கு என்ன தோணுச்சு, அதுல படத்தோட பங்கு எவ்வளவு, வீட்டோட பங்கு எவ்வளவுன்னு பேசப் போறேன். கொட்டுக்காளியோட முடிவைப் பத்தியும் கடைசில பேசுவேன். இன்னும் பார்க்காதவங்க அந்த இடம் வரும்போது நிறுத்திக்கலாம்.

முதல்ல கொட்டுக்காளி. பி.எஸ்.வினோத்ராஜ் இயக்கினது. இவரோட முதல் படம் கூழாங்கல், 2021-ல ராட்டர்டாம் திரைப்பட விழாவுல டைகர் விருது வாங்குச்சு. கொட்டுக்காளியில பாண்டியா சூரி, மீனாவா அன்னா பென். மீனா வேற சாதிப் பையனை விரும்புறா. அவளுக்குப் பேய் பிடிச்சிருக்குன்னு முடிவு பண்ணி, குடும்பமே ஷேர் ஆட்டோவுலயும் பைக்லயும் அவளைச் சாமியாடிகிட்ட கூட்டிட்டுப் போகுது. கதை இவ்வளவுதான்.

இந்தப் படத்துல பின்னணி இசை கிடையாது. ஒரு பிட்டு கூட இல்ல. காத்து, சேவல், ஆட்டோ இன்ஜின், பொம்பளைங்க தங்களுக்குள்ள முணுமுணுக்கிறது, இதுதான் இசை. பாண்டிக்குத் தொண்டை கட்டியிருக்கு. கழுத்துல சுண்ணாம்பு தடவிக்கிட்டு, கரகரன்னு பாதிக் குரல்ல பேசுறாரு. மீனா படம் பூரா கிட்டத்தட்ட வாயே திறக்குறதில்ல. இப்படி ஒரு படத்தை, ஃபேன் அஞ்சுல ஓடுற ஹால்ல, சமையல்கட்டுல குக்கர் விசில் அடிக்கும்போது பார்த்தா என்ன ஆகும்? படத்துல பாதி நமக்கு வந்து சேராது. சூரி அந்தக் குரலை எவ்வளவு கஷ்டப்பட்டுப் பிடிச்சிருக்காருன்னு எனக்கு முதல் தடவை தெரியவே இல்ல. ஏதோ பேசுறாருன்னு மட்டும் தெரிஞ்சுது.

[திரையில்: தியேட்டரின் வரைபடம். திரைக்குப் பின்னால் மூன்று ஸ்பீக்கர்கள், பக்கங்களில் மற்றவை.]

"வீட்ல வசனமே கேக்க மாட்டேங்குது, பாட்டு வந்தா மட்டும் காது கிழியுது"ன்னு சொல்லாத வீடு இல்ல. ஏன் அப்படி? தியேட்டர்ல 5.1னு சொல்ற அமைப்புல திரைக்குப் பின்னாடி மூணு ஸ்பீக்கர் இருக்கும். இடது, வலது, நடு. வசனம் பெரும்பாலும் அந்த நடு ஸ்பீக்கர்லேர்ந்துதான் வரும். அதுக்குன்னு தனி வழி. இசை இடது வலதுல போகும். திரைக்குப் பின்னாடி மூணு, பக்கங்கள்ல ரெண்டு, ஆக அஞ்சு வழி. அந்த .1ங்கிறது அடித்தொனிக்கு. பறைச் சத்தம், வெடிச் சத்தம் நெஞ்சுல வந்து இடிக்குதே, அது இதுலேர்ந்து வர்றது.

நம்ம டிவியில இருக்கிறது ரெண்டு சின்ன ஸ்பீக்கர். அதுவும் நிறைய டிவியில கீழ் பார்த்தோ பின் பார்த்தோ இருக்கும், நம்ம முகத்தைப் பார்த்து இருக்காது. நடு ஸ்பீக்கருக்குப் போக வேண்டிய வசனத்தை டிவி ரெண்டாப் பிரிச்சு, இசை வர்ற அதே ரெண்டு ஸ்பீக்கருக்குள்ள கலந்துவிடுது. பெரிய மண்டபத்துல மூணு பேரு மூணு மூலையில நின்னு பேசுறதுக்கும், மூணு பேரும் ஒரே ஜன்னல் வழியா ஒரே நேரத்துல பேசுறதுக்கும் உள்ள வித்தியாசம் இது. அதோட, தியேட்டருக்குச் செஞ்ச ஒலிக்கலவையில சின்னச் சத்தத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் இடையில இடைவெளி அதிகம். அமைதியான ஹால்ல அது அழகு. நம்ம வீட்ல அந்தச் சின்னச் சத்தம் ஃபேனுக்குக் கீழ புதைஞ்சு போயிடும்.

சவுண்ட்பார் வாங்கினாத்தான் இது சரியாகும்னு இல்ல. ஓடிடி ஆப்ல ஆடியோன்னு ஒரு இடம் இருக்கும். அதுல 5.1க்குப் பதிலா ஸ்டீரியோ, அதாவது ரெண்டே ஸ்பீக்கருக்கான ஒலி, கிடைச்சா அதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்க. டிவியோட சவுண்ட் மெனுவுல வசனத்தைத் தெளிவாக்குற மாதிரி ஒரு அமைப்பு பல டிவியில இருக்கு, அதையும் போட்டுப் பாருங்க. கொட்டுக்காளிக்கு நான் செஞ்சது இதுதான். ரெண்டாவது தடவை, பின் சீட்டுல உட்கார்ந்திருக்கிற பொம்பளைங்க மெதுவாப் பேசிக்கிறது தனியாக் கேட்டுச்சு. அந்தக் குடும்பத்துக்குள்ள யாரு யாருக்குப் பயப்படுறாங்கங்கிறதே அந்தப் பேச்சுலதான் இருக்கு.

அடுத்து லப்பர் பந்து. இதை வீடு நிறைய ஆள் இருக்கும்போது பார்த்தோம். சித்தப்பா, சித்தி, அவங்க பசங்க. தமிழரசன் பச்சமுத்துவோட முதல் படம். அட்டகத்தி தினேஷ் நடிச்ச கெத்துவும், ஹரிஷ் கல்யாண் நடிச்ச அன்பும் ஊர்க் கிரவுண்டுல கிரிக்கெட்ல மோதிக்கிறவங்க. கெத்து பொண்ணைத்தான் அன்பு விரும்புறான். கெத்து களத்துல இறங்கும்போது 1989-ல வந்த பொன்மனச் செல்வன் படத்து "நீ பொட்டு வச்ச தங்கக் குடம்" வரும். இளையராஜா இசை, விஜயகாந்த் படம். தியேட்டர்ல அந்த இடத்துக்கு விசில் பறந்துச்சு. எங்க வீட்ல சித்தப்பா தட்டை மடியில வச்சுக்கிட்டே அந்தப் பாட்டைக் கூடச் சேர்ந்து பாட ஆரம்பிச்சாரு. அவர் காலேஜ் படிச்சப்போ வந்த பாட்டாம். எனக்கு அந்த நிமிஷம் தியேட்டரை விட ஒரு படி மேலதான்.

ஆனா மேட்ச் காட்சிகள்ல ஏதோ உறுத்திக்கிட்டே இருந்துச்சு. சினிமா பார்க்குற மாதிரியே இல்ல, டிவி சீரியல் மாதிரி ஒரு வழுவழுப்பு. சித்தி கூட "என்னப்பா, செல்போன்ல எடுத்த மாதிரி இருக்கு?"ன்னு கேட்டாங்க. ஒளிப்பதிவு மேல தப்பே இல்ல. தப்பு எங்க டிவி மேல.

[திரையில்: ஓடும் பந்து வீச்சாளரின் 24 சட்டங்கள் வரிசையாக. அவற்றுக்கு இடையில் மங்கலான போலிச் சட்டங்கள் நுழைகின்றன.]

சினிமா நொடிக்கு 24 சட்டங்கள், அதாவது 24 ஃப்ரேம். அந்த 24-ல ஒரு லேசான மங்கல், ஒரு அதிர்வு இருக்கும். நம்ம கண்ணு பல வருஷமா அதைத்தான் சினிமான்னு பழகியிருக்கு. நேரடி கிரிக்கெட் ஒளிபரப்பு வேற மாதிரி. அங்க நொடிக்கு 50 தடவை காட்சி புதுசாகும். அதான் அது அவ்வளவு வழுக்கிக்கிட்டு ஓடுது. டிவிக்காரங்க என்ன பண்றாங்கன்னா, எது ஓடினாலும் அப்படி வழுக்கி ஓடட்டும்னு, ரெண்டு சட்டத்துக்கு நடுவுல இல்லாத சட்டங்களைக் கணக்குப் போட்டு உருவாக்கிச் செருகிடுறாங்க. இதுக்கு மோஷன் ஸ்மூத்திங்னு பேரு. எல்ஜியில ட்ரூமோஷன், சோனியில மோஷன்ஃப்ளோன்னு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பேரு வச்சிருக்கு. நிறைய டிவியில, வாங்கிட்டு வரும்போதே இது ஆன்ல இருக்கும்.

அதனாலதான் ஒரு கிரிக்கெட் படம் எங்க வீட்ல கிரிக்கெட் டெலிகாஸ்ட் மாதிரி ஆயிடுச்சு! 2018 டிசம்பர்ல ஹாலிவுட் நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் ஒரு படப்பிடிப்புத் தளத்துல நின்னுக்கிட்டு, இதை ஆஃப் பண்ணுங்கன்னு கேட்டு ஒரு வீடியோவே போட்டாங்க. அடுத்த வருஷம், 2019-ல, இந்த ஸ்மூத்திங்கை எல்லாம் நிறுத்திட்டு, படத்தை எடுத்த மாதிரியே காட்டுற ஃபிலிம்மேக்கர் மோடுங்கிற அமைப்பு அறிவிக்கப்பட்டுச்சு. உங்க டிவியில அது இருந்தா அந்த ஒரு பட்டன் போதும். இல்லைன்னா பிக்சர் மெனுவுல மோஷன்னு ஆரம்பிக்கிறதைத் தேடி ஆஃப் பண்ணுங்க. கடையில பளிச்சுன்னு காட்டுறதுக்காக இருக்கிற விவிட் மோடையும் எடுத்துட்டு சினிமா மோடுக்கு மாத்துங்க. முதல் நாள் மங்கலா, லேசா மஞ்சளாத் தெரியும். ரெண்டு நாள்ல கண்ணு பழகிடும்.

லப்பர் பந்துல எனக்கு ரொம்பப் பிடிச்சது கிரிக்கெட் இல்ல. சுவாசிகா நடிச்ச யசோதா. புருஷன் விளையாட்டை விடமாட்டான்னு தெரிஞ்சும் அவ விடாம போராடுறது, அவளுக்குத் தெரியாம கெத்து ஒளிஞ்சு ஒளிஞ்சு ஆடப்போறது, மாட்டிக்கிட்டப்போ அவர் முகம் போற போக்கு. சாதியைப் பத்திப் பேசுற இடத்துலயும் படம் மைக் பிடிக்கல. நல்லா ஆடத் தெரிஞ்ச பையனை டீம்ல சேர்க்க மாட்டாங்க, ஏன்னு நமக்கே புரிஞ்சிடும். ஊர்ல நடக்குறதும் அப்படித்தானே?

மூணாவது மெய்யழகன். பிரேம்குமார் இயக்கினது, 96 படம் எடுத்தவரு. இது 2024 செப்டம்பர் 27 அன்னிக்கு வந்துச்சு. நீளமா இருக்குன்னு பேச்சு வந்ததும், சில நாள்லயே 18 நிமிஷத்துக்கு மேல வெட்டிட்டாங்க. வீட்ல பார்த்தவனா எனக்கு ஒண்ணு தோணுது. இந்தப் படத்துக்கு நீளம்தான் உயிர். சொத்துத் தகராறுல 1996-ல தஞ்சாவூர் வீட்டை விட்டுப் போன அருள்மொழி, பல வருஷம் கழிச்சு ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வர்றாரு. அருள்மொழியா அரவிந்த்சாமி. அங்க ஒருத்தன், கார்த்தி, "அத்தான் அத்தான்"னு கையைப் பிடிச்சுக்கிட்டே சுத்துறான். சாப்பாடு போடுறான், தூங்க இடம் குடுக்குறான். அவன் யாரு, பேரு என்னன்னு இவருக்கு ஞாபகமே வரல.

இந்தக் கதை ஏன் நம்ம ஊர்ல மட்டும் இவ்வளவு இயல்பா நடக்குதுன்னு யோசிச்சுப் பார்த்தேன். நம்ம பேச்சுல பேரே தேவையில்ல. அத்தான், மச்சான், மாமா, சித்தப்பா, மதினி. முறை தெரிஞ்சாப் போதும், ராத்திரி முழுக்கப் பேசிடலாம். விசேஷ வீட்ல "எப்ப வந்தீங்க, நல்லா இருக்கீங்களா"ன்னு கேட்டு, கையை விடாம பேசிட்டு, அவங்க நகர்ந்ததும் பக்கத்துல இருக்கிறவங்களைப் பார்த்து "யாரு இவங்க?"ன்னு கேட்காத ஆள் இருக்க முடியாது. பேரைக் கேட்டா உறவே பொய்யாயிடுமோன்னு ஒரு பயம். அந்தப் பயத்தை அரவிந்த்சாமி ஒரு முழுப் படத்துக்கும் முகத்துல வச்சிருக்காரு. அருள்மொழி குடும்பம் விட்டுட்டுப் போன ஒரு பழைய சைக்கிள் இன்னொரு குடும்பத்தை எப்படித் தூக்கி நிறுத்துச்சுன்னு கார்த்தி சொல்லும்போது, அந்தப் பயம் குற்ற உணர்ச்சியா மாறுது. கூடப் பார்த்துக்கிட்டிருந்த எங்க அப்பா பேசாம ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. அவரும் மன்னார்குடிப் பக்கம் ஒரு வீட்டை விட்டுட்டு வந்தவருதான்.

குறையும் சொல்லணும். அந்த ராத்திரிப் பேச்சு சில இடத்துல பேச்சா இல்லாம கருத்துச் சொல்றதா ஆயிடுது. ஆனா வீட்ல அது தியேட்டர் அளவுக்கு உறுத்தல. விருந்தாளி ஒருத்தர் சாப்பிட்டு முடிச்சு, திண்ணையில உட்கார்ந்து பேசுற மாதிரி அதை எடுத்துக்க முடிஞ்சுது. ஒண்ணு மட்டும் செய்யாதீங்க. அந்த ராத்திரிப் பகுதியை நடுவுல நிறுத்திட்டு மறுநாள் பார்க்காதீங்க. ஹால் லைட்டை அணைச்சுட்டு, ஒரே மூச்சுல பாருங்க. இருட்டுக் காட்சிக்கு அறையும் இருட்டா இருக்கணும். ட்யூப் லைட் டிவித் திரையில விழுந்தா, அந்தத் தஞ்சாவூர் ராத்திரி சாம்பல் கலரா வெளுத்துடும்.

வாழையைப் பத்தி நான் அதிகம் சொல்லப் போறதில்ல. மாரி செல்வராஜ் தன்னோட சின்ன வயசை வச்சு எடுத்த படம். கொட்டுக்காளி வந்த அதே நாள், 2024 ஆகஸ்ட் 23 அன்னிக்கு இதுவும் வந்துச்சு. ஒண்ணுல இசையே இல்ல, இன்னொண்ணுல சந்தோஷ் நாராயணன் இசை. வாழைத்தார் சுமக்குற பசங்க கழுத்து வலியை அந்தப் படம் பார்த்தவங்க மறக்க முடியாது. கடைசில அந்தப் பையன் பசியோட வீட்டுக்கு ஓடி வந்து சோத்தைத் தேடுற இடத்துல, எங்க அம்மா எந்திரிச்சுப் போயிட்டாங்க. சமையல்கட்டுல ஒரு சத்தமும் இல்ல, சும்மா நின்னுக்கிட்டு இருந்தாங்க. தியேட்டரா இருந்தா எங்க போயிருப்பாங்க? வீட்ல படம் பார்க்குறதுல இது ஒரு சலுகைன்னுதான் நான் நினைக்கிறேன். தாங்க முடியாதப்போ எந்திரிச்சுப் போகலாம், தாங்க முடிஞ்சதும் திரும்பி வரலாம். கொஞ்ச நேரத்துல அம்மா திரும்பி வந்தாங்க.

இப்போ கொட்டுக்காளியோட முடிவு. பார்க்காதவங்க இங்க நிறுத்திக்கோங்க.

[திரையில்: பத்து நொடிகள் கறுப்பு.]

வழியில ஒரு காளை குறுக்க நிக்கும். கூட வந்த ஆம்பளைங்க ஒருத்தருக்கும் பக்கத்துல போகத் துணிவு வராது. ஒரு சின்னப் பொண்ணு வந்து, அதைச் சாதாரணமா ஓட்டிட்டுப் போயிடும். முதல்ல இதை நான் ஒரு சின்ன வேடிக்கைன்னு கடந்து போயிட்டேன். கடைசில சாமியாடி இன்னொரு பொண்ணுக்குச் செய்யுறதைப் பாண்டி பார்க்குறான். பார்த்துட்டுத் தயங்கி நிக்குறான். அவன் மீனாவைக் கூட்டிட்டுப் போறானா, திரும்புறானா? படம் சொல்லாமலே முடிஞ்சிடுது.

ரெண்டாவது தடவை அம்மாவும் கூட உட்கார்ந்து பார்த்தாங்க. திரை கறுப்பானதும் நான் வழக்கம் போல ரிமோட்டை எடுத்தேன். ஓடிடியில பேரு ஓட ஆரம்பிச்ச உடனே, அடுத்த படத்தைக் காட்டி, அஞ்சு, நாலு, மூணுன்னு எண்ண ஆரம்பிச்சிடுமே, அதை நிறுத்தத்தான். அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "இருப்பா, கொஞ்ச நேரம் இருக்கட்டும்"னாங்க.

மெனுவுல அந்த எண்ணிக்கையை ஓட்டுற ஆட்டோபிளே செட்டிங்கை அன்னிக்கு ராத்திரியே ஆஃப் பண்ணிட்டேன். அம்மா படுக்கப் போற வரைக்கும் ஒண்ணும் பேசல. கதவுகிட்ட போய் நின்னு, "அந்தப் புள்ள கடைசி வரைக்கும் அழவே இல்ல, பார்த்தியா?"ன்னு கேட்டாங்க.