ரசிகரை அதிகம் வதைப்பது நிர்வாகமே

நடுவர் அவர்களே, எதிரே அமர்ந்திருக்கும் இரண்டு அணியினரே, அரங்கை நிறைத்திருக்கும் கால்பந்து அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஸ்காட்லாந்துக் கால்பந்து ரசிகரை அதிகம் வதைப்பது கிளப் பகையா, ஊடகமா, நிர்வாகமா? இதுதான் தலைப்பு. நிர்வாகமே என்று வாதாட வந்திருக்கிறேன். நான் கிளாஸ்கோவில் வாழ்பவன். நகரின் இரு பெரிய கிளப்புகளான செல்டிக், ரேஞ்சர்ஸ் இரண்டையும் விட்டுவிட்டு, மேரிஹில் பக்கம் ஃபர்ஹில் மைதானத்தில் ஆடும் பார்ட்டிக் திசிலை ஆதரிப்பவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கோபம் எங்கிருந்து வருகிறது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

முதலில் பேசிய சகோதரி பகையின் வரலாற்றை அடுக்கினார். 1888 மே மாதம் செல்டிக் ஆடிய முதல் ஆட்டமே ரேஞ்சர்ஸுக்கு எதிராகத்தான். 5-2 என்று செல்டிக் வென்றது. அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த கத்தோலிக்க ஏழைகளுக்காக ஒரு கிளப், எதிரில் புராட்டஸ்டன்ட் அடையாளத்தோடு வளர்ந்த ஒரு கிளப். மதமும் அரசியலும் மைதானத்துக்குள் வந்தன. 2011-இல் செல்டிக் பயிற்சியாளர் நீல் லெனனுக்கு வெடிகுண்டு போல் பார்சல் அனுப்பினார்கள். சகோதரி சொன்னதில் ஒரு வரியையும் நான் மறுக்கமாட்டேன். அந்தப் பகையைக் கக்கும் பாட்டுகளைக் கேட்டு அஞ்சிய குழந்தைகளோடு நானும் அரங்கில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனால் சகோதரியிடம் ஒன்று கேட்கிறேன். அந்தப் பகையை வைத்துப் பிழைப்பது யார்? முதல் பிரிவில் 12 கிளப்புகள். 33 சுற்றுக்குப் பிறகு அட்டவணையை இரண்டாகப் பிரித்து, மேலே ஆறு, கீழே ஆறு என்று இன்னும் ஐந்து ஆட்டம் ஆடவிடுகிறார்கள். ஒரே அணியோடு ஆண்டுக்கு மூன்று முறை, நான்கு முறை மோதி மோதி ரசிகர் சலித்துப் போயிருக்கிறார். பெரிய லீக் வேண்டும், அணிக்கு இரண்டு ஆட்டம் போதும் என்று எத்தனையோ ஆண்டாகக் கேட்கிறார். கிடைக்கவில்லை. ஏனென்றால் செல்டிக்கும் ரேஞ்சர்ஸும் சீசனுக்கு நான்கு முறை மோத வேண்டும். அந்த நான்கு ஆட்டத்தை வைத்துத்தான் தொலைக்காட்சி ஒப்பந்தமே நிற்கிறது. பகையைக் கண்டித்து அறிக்கை விடுகிறவர்களும் அதே பகையை டிவிக்கு விற்கிறவர்களும் ஒரே ஆட்கள்.

பகையை அடக்க நிர்வாகம் என்ன செய்தது? ஐரோப்பியப் போட்டிகளில் ரசிகர் கூட்டம் தகாததைப் பாடினால் ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஃபா கிளப்பைத் தண்டிக்கிறது. கிளப் தப்பு செய்ததா என்று பார்ப்பதில்லை. அதே விதியை உள்நாட்டில் கொண்டுவரலாம் என்றபோது கிளப்புகள் ஏற்கவில்லை. பொறுப்பு கிளப்பை விட்டு நழுவி அரசின் தலையில் விழுந்தது. 2012-இல் அரசு கால்பந்து ரசிகருக்கென்றே தனிக் குற்றச் சட்டம் போட்டது. பாடியதற்காக இளைஞர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். தங்களைக் குற்றவாளியாக்குகிறார்கள் என்று ரசிகர்கள் போராடி, 2018-இல் அந்தச் சட்டத்தை நாடாளுமன்றமே திரும்பப் பெற்றது. ஆறு ஆண்டு அலைக்கழிப்பு முழுவதும் ரசிகருக்கு. கிளப் இயக்குநர்களுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். செல்டிக், ரேஞ்சர்ஸ் அல்லாத ஒரு அணி 2025 வரை கடைசியாக லீக் பட்டம் வென்றது எப்போது? 1985-இல், அலெக்ஸ் ஃபெர்குசனின் அபர்டீன். அதே அபர்டீன்தான் 1983-இல் ரியல் மாட்ரிட்டை வீழ்த்தி ஐரோப்பியக் கோப்பை ஒன்றைத் தூக்கியது. அதே ஆண்டு டண்டி யுனைடெட் லீக் சாம்பியன். அதற்குப் பின் 2025 வரை நாற்பது சீசனிலும் பட்டம் இரண்டே வீட்டுக்குப் போனது. கிளாஸ்கோவில் கூட்டம் அதிகம், பணம் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் பணத்தைப் பங்கிடும் விதி யார் கையில் இருந்தது? பழைய காலத்தில் டிக்கெட் வசூலில் விருந்தாளி அணிக்கும் பங்கு உண்டு. 1980-களில் அது போய்விட்டது; அறுபதாயிரம் பேர் உட்காரும் மைதானத்தின் வசூல் அந்த மைதானத்துக்காரருக்கே. அதன் மேல், பழைய பிரீமியர் லீகில், அதாவது அன்றைய முதல் பிரிவில், முக்கியமான பல மாற்றங்களுக்கு 12-இல் 11 வாக்கு வேண்டும். இரண்டு கிளப் கை கோத்தால் மீதிப் பத்தும் ஒன்றும் செய்ய முடியாது. அந்த விதியை மாற்றவும் அதே 11 வாக்குதான் வேண்டும்! வெளியே ஜென்மப் பகை, உள்ளே கூட்டு வீட்டோ. இதைப் பகை என்ற கணக்கில் எழுதுவதா, நிர்வாகம் என்ற கணக்கில் எழுதுவதா என்று நடுவர் அவர்களே சொல்லட்டும்.

இனி 2012-க்கு வருகிறேன். என் வாதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

2011 மே மாதம் உரிமையாளர் டேவிட் மர்ரே ரேஞ்சர்ஸ் கிளப்பைக் கிரெய்க் வைட் என்பவருக்கு ஒரு பவுண்டுக்கு விற்றார். வங்கிக் கடனை வைட் அடைத்தார். எந்தப் பணத்தில்? ரசிகர்கள் வரும் ஆண்டுகளில் வாங்கப்போகும் சீசன் டிக்கெட்டின் வருமானத்தை முன்கூட்டியே ஒரு நிறுவனத்துக்கு விற்றுத் திரட்டிய பணத்தில். ரசிகருக்குத் தெரியாமலே அவருடைய நாளைய விசுவாசம் அடகுக் கடைக்குப் போனது. இந்த வைட் 2000-ஆம் ஆண்டில் ஏழு ஆண்டுகள் நிறுவன இயக்குநராக இருக்கக் கூடாது என்று தடை விதிக்கப்பட்டவர். கிளப் உரிமையாளர் தகுதியானவர்தானா என்று பார்ப்பதற்கு ஸ்காட்டிஷ் கால்பந்துச் சங்கத்திடம், அதாவது எஸ்.எஃப்.ஏ.விடம், விதி இருந்தது. கிளப் எழுதிக் கொடுத்ததை நம்பி விட்டுவிட்டார்கள். 2012 பிப்ரவரி 14 அன்று கிளப் திவால் நிர்வாகிகள் கைக்குப் போனது. ஜூனில் வரித்துறை கடன் சமரசத்தை மறுத்தது. பழைய நிறுவனம் கலைப்புக்குப் போய், சொத்துகளை வேறொரு குழு வாங்கியது.

அடுத்து நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? புதிய ரேஞ்சர்ஸை முதல் பிரிவிலேயே வைத்துக்கொள்ள வழி தேடியது. அது முடியாவிட்டால் இரண்டாம் பிரிவிலாவது இடம் கொடுங்கள் என்று கெஞ்சியது. எஸ்.எஃப்.ஏ. தலைமை நிர்வாகி ஸ்டூவர்ட் ரீகன், சமூகக் கொந்தளிப்பு வரும், ஆட்டமே மெல்ல மெல்லச் சாகும் என்றெல்லாம் எச்சரித்தார். அப்போது அதை எதிர்த்து நின்றது யார்? ரசிகர்கள். எடின்பரோவில், அபர்டீனில், டண்டியில், பெய்ஸ்லியில், கில்மார்னக்கில், ஒருவரையொருவர் சனிக்கிழமைதோறும் திட்டிக்கொள்கிற ரசிகர்கள் எல்லாரும் ஒரே குரலில் தங்கள் கிளப் தலைவருக்கு எழுதினார்கள்: விதியை வளைத்தால் சீசன் டிக்கெட் வாங்கமாட்டோம். ஜூலை 4 அன்று நடந்த வாக்கெடுப்பில் 12 கிளப்பில் 10 கிளப்புகள் மறுத்தன. ஜூலை 13 அன்று கீழ்ப்பிரிவுகளின் 30 கிளப்புகளில் 25, கடைசிப் பிரிவில்தான் தொடங்க வேண்டும் என்றன.

ரேஞ்சர்ஸ் ரசிகரை நான் குறை சொல்லவில்லை. இந்தக் கதையில் முதலில் ஏமாற்றப்பட்டவரே அவர்தான். ஆனாலும் அந்த ஆகஸ்டில் நான்காம் அடுக்கில் ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷயருக்கு எதிரான லீக் ஆட்டத்தைப் பார்க்க ரேஞ்சர்ஸின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் 49,118 பேர் திரண்டார்கள். நிர்வாகம் கணித்த சாவும் வரவில்லை. ஹார்ட்ஸும் டன்ஃபெர்ம்லினும் 2013-இல் திவால் நிலைக்குப் போனது உண்மை. அது அவரவர் உரிமையாளர் ஏற்றிவைத்த கடனால். அதே ஆண்டுகளில் கோப்பைகள் எங்கே போயின? 2013-இல் செயின்ட் மிரன் லீக் கோப்பை. 2014-இல் செயின்ட் ஜான்ஸ்டனுக்கு ஸ்காட்டிஷ் கோப்பை, தன் வரலாற்றில் முதல் பெரிய கோப்பை. 2015-இல் அதே கோப்பை இன்வர்னெஸுக்கு. 2016-இல் ராஸ் கவுன்டிக்கு லீக் கோப்பை. அதே ஆண்டு எடின்பரோவின் ஹிப்ஸுக்கு 1902-க்குப் பிறகு முதல் ஸ்காட்டிஷ் கோப்பை. அன்று ஹிப்ஸின் பகுதியான லீத் வீதிகளில் கிழவர்கள் குழந்தைபோல் அழுதார்கள்.

இந்த விவகாரத்தை முடித்துவைக்க முதல் பிரிவு, கீழ்ப்பிரிவுகள் என்ற இரு லீகுகளும் எஸ்.எஃப்.ஏ.வும் பழைய, புதிய ரேஞ்சர்ஸ் நிறுவனங்களும் சேர்ந்து ஐந்து தரப்பு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டன. அதை ரசிகர் முன் விரித்து வைக்கவில்லை. அது அதே கிளப்பா, புதுக் கிளப்பா என்ற சண்டை இன்றுவரை மதுக்கடைகளிலும் குடும்பங்களிலும் ஓயாமல் நடக்கிறது. அன்றைக்கே எல்லாவற்றையும் வெளிச்சத்தில் வைத்திருந்தால் பாதிப் பகை அப்போதே அடங்கியிருக்கும். சகோதரி, நீங்கள் சொன்ன பகைக்கு எண்ணெய் ஊற்றியதும் இவர்கள்தான்.

ஊடகம் என்று வாதாடிய ஐயா, ஆட்டுக்கறி விருந்துக் கதையைச் சொன்னார். 1998-இல் மர்ரேயைப் பேட்டி கண்ட பத்திரிகையாளர் விருந்தின் ஆட்டுக்கறியையும் மதுவையும் புகழ்ந்து எழுத, அன்றிலிருந்து துதிபாடும் விளையாட்டுப் பக்கங்களுக்கு ரசிகர்கள் ஆட்டுக்கறியையே பட்டப்பெயராக்கிவிட்டார்கள். வைட்டைக் கோடீஸ்வரர் என்று ஒரு பத்திரிகை தூக்கிப் பிடித்ததும் உண்மை. வெட்கக்கேடுதான். ஆனால் ஐயா, அந்த வைட்டின் பழைய தடையை ஊருக்குச் சொன்னது யார்? 2011 அக்டோபரில் பிபிசி ஸ்காட்லாந்தின் ஆவணப்படம். சங்கத்தின் அலுவலகம் கண்டுபிடிக்காததை ஊடகம் கண்டுபிடித்தது. ஊடகத்தில் துதிபாடியும் உண்டு, துப்பறிந்தவரும் உண்டு. நிர்வாகத்தில் துப்பறிந்த ஒருவரை எனக்குக் காட்டுங்கள். வேலியே பயிரை மேய்ந்தபோது காட்டிக்கொடுத்தது வழிப்போக்கன் என்றால், குற்றம் யார் மேல்?

கடைசியாக 2020. இதைப் பேசும்போது என் குரல் உயர்ந்தால் நடுவர் பொறுத்தருள வேண்டும். கொரோனா வந்து ஆட்டம் நின்றது. லீக் நிர்வாகமான எஸ்.பி.எஃப்.எல், சீசனை இத்தோடு முடிக்கலாமா என்று தீர்மானம் அனுப்பியது. சீசன் முடிந்ததாக அறிவித்தால்தான் பரிசுப் பணத்தைப் பிரித்துத் தர முடியும் என்றது. காசில்லாமல் தவித்த சிறிய கிளப்புகளுக்கு வேறு என்ன வழி? இரண்டாம் பிரிவில் தீர்மானம் நிறைவேற 10-இல் 8 வாக்கு தேவை. ஏழு வந்துவிட்டது. டண்டி கிளப் அனுப்பிய மறுப்பு வாக்கு மின்னஞ்சலில் எங்கோ சிக்கிப் போய்ச் சேரவில்லை. மற்றவர்களின் முடிவை உலகத்துக்கு அறிவித்துவிட்டார்கள். சில நாள் கழித்து அதே டண்டி ஆதரவு வாக்கு போட்டது. நாட்டின் சாம்பியனும் தரமிறக்கமும் அந்த ஒரு வாக்கில் முடிந்தன.

எங்கள் பார்ட்டிக் திசில் அப்போது இரண்டாம் பிரிவின் கடைசி இடத்தில். மேலே இருந்த குவீன் ஆஃப் தி சவுத்தைவிட இரண்டே புள்ளி பின்தங்கி, கையில் ஓர் ஆட்டம் கூடுதலாக வைத்திருந்தது. முதல் பிரிவின் கடைசியில் இருந்த ஹார்ட்ஸுக்கு நான்கு புள்ளி பின்னடைவு, எட்டு ஆட்டம் பாக்கி. ஆடித் தோற்றிருந்தால் தலைகுனிந்து ஏற்றிருப்போம். ஆடாமலே தரமிறக்கினார்கள். நீதிமன்றம் போனோம், அது சங்கத்தின் நடுவர் மன்றத்துக்கு அனுப்பியது, அங்கே தோற்றோம். லீக் நிர்வாகம் அமர்த்திய தணிக்கை நிறுவனம் வாக்கு விஷயத்தில் முறைகேடு இல்லை என்றது. சுதந்திர விசாரணை வேண்டும் என்ற தீர்மானத்துக்குக் கிளப்புகளில் 13 ஆதரவு, 27 எதிர்ப்பு. விசாரிக்கப்பட வேண்டியவர்களே விசாரணை வேண்டாம் என்று வாக்களிக்க முடிகிறது என்றால், ரசிகர் யாரிடம் முறையிடுவது? அதில் பகை எங்கே இருந்தது? எந்தப் பத்திரிகை எங்களைத் தரமிறக்கியது?

தன் மக்கள்தொகைக்கு ஏற்பப் பார்த்தால் ஐரோப்பாவில் மைதானத்துக்கு அதிகம் பேர் வரும் நாடுகளில் ஸ்காட்லாந்து முன்வரிசை. வெறும் 55 லட்சம் பேர் வாழும் நாடு அது. அங்கே கிளப்பைக் காப்பாற்றுவதும் ரசிகரே. ஹார்ட்ஸ் திவாலானபோது மாதாமாதம் கைக்காசு போட்டு மீட்டு, 2021-இல் பெரும்பான்மைப் பங்கைத் தங்கள் கையில் எடுத்தார்கள். மதர்வெல்லிலும் செயின்ட் மிரனிலும் ரசிகர் சங்கங்களே பெரும்பான்மை உரிமை பெற்றன. பக்கத்து இங்கிலாந்தில் 2025-இல் கால்பந்துக்கென்றே சுதந்திர ஒழுங்காற்று அமைப்பை நாடாளுமன்றம் சட்டமாக்கியது. உரிமையாளரின் தகுதியையும் கிளப்பின் கணக்கையும் வெளியாள் பார்ப்பார். ஸ்காட்லாந்தில் அப்படி ஒரு சட்டம் இல்லை.

நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதுவதற்கு முன் எதிரணியினரிடம் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். தன் சம்பளத்தில் மாதாமாதம் கிளப்புக்குப் பணம் கட்டும் மதர்வெல் ரசிகர் ஒருவர், வடக்கே தொலைவில் இருக்கும் டிங்வாலில் ஆடும் ஆட்டத்தை ஏன் ஞாயிறு மதியத்துக்கு மாற்றினீர்கள், அந்த டிவி ஒப்பந்தத்தில் எங்களுக்காகப் பேசியது யார் என்று கேட்க விரும்புகிறார். லீக் நிர்வாகக் குழுவில் அவருக்காக எந்த நாற்காலி போட்டிருக்கிறது? பகை என்றவர்களும் ஊடகம் என்றவர்களும் அந்த நாற்காலியைக் காட்டட்டும். நன்றி, வணக்கம்.